சனிக்கிழமைத் தண்ணீர்

தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையத் தொடங்கும். முதலில் ஏனத்தின் விளிம்போடு நூல்போல ஒரு கோடு பிடிக்கும். பிறகு நடுவை நோக்கி ஊசி ஊசியாக நீளும். ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மேற்பரப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு கீழ்நோக்கித் தடிப்பதற்கு நேரம் மட்டும் போதும். இதை அறிந்து வைத்திருப்பது கிருஷ்ணராசாவின் தொழில். முப்பது வருடமாக அவர் மற்றவர்களின் பொருட்களை உறைய வைத்துக்கொண்டிருந்தார். டூட்டிங், மோர்டன், மிச்சம் என்று தென்லண்டன் தமிழ்க் கடைகளில் அறக்குளா மீனும் சுறாவும் கெட்டுப்போகாமல் கிடந்தனவென்றால், பாதிக்கு மேல் அவர் கைபட்ட பிரீசர்களில்தான் கிடந்தன. ஒரு ஏனம் தண்ணீரை உறையாமல் வைத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது ஐம்பத்தொன்பதாவது வயதில்.

அவர் இந்தத் தொழிலை எங்கும் படித்தவரல்ல. லண்டனுக்கு வந்து, அகதி விண்ணப்பத்துக்குக் குரோய்டன் அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருந்த காலத்தில் ஒரு மீன் கடையின் பின்பக்கம் பெட்டி உடைக்கும் வேலை செய்தார். அந்தக் கடையின் பிரீசர்களைப் பழுது பார்க்க வரும் கஸ்பர் என்பவருக்கு டோர்ச் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. கஸ்பர் வாயால் எதையும் சொல்லிக் கொடுக்கமாட்டார். கேட்டால் "பார்" என்பார். கிருஷ்ணராசா பார்த்தார். ஆட்கள் தெருவில் தூக்கிப் போட்ட பிரிட்ஜ்களை வீட்டுக் கொல்லைக்கு இழுத்து வந்து ஆணி ஆணியாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அப்படிப் பழகியதில் அவருக்கென்று ஒரு பிடிவாதம் வந்தது. நின்றுபோன இயந்திரம் தட்டியவுடன் ஓடத் தொடங்கினால் மற்றவர்கள் சந்தோசப்படுவார்கள். அவர் திரும்பவும் திறப்பார்.

"அதுதான் ஓடுதேயண்ணை, விடுங்கோவன்" என்று கடைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"சும்மா நிண்டதும் பிழைதான். சும்மா ஓடினதும் பிழைதான். ஏனெண்டு தெரியாமல் மூடமாட்டன்" என்பார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி செல்வமலர் பாடசாலைச் சமையலறையில் வேலையிலிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. ஏழு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது கால் கொஞ்சம் திரும்பியிருந்தது. பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. பதில் உள்ளே உருவாவதும் முகத்தில் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்து அங்கே நின்றுவிடும்.

பேச்சுப் பயிற்சிக்கு வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் கிருஷ்ணராசாவைச் சமையலறைக்கு அழைத்து மெதுவாகச் சொன்னார்: சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் களைப்படையச் செய்யாதீர்கள். அவருக்குத் தானாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிற ஏதாவது ஒன்று ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும். முதல் சில மாதங்கள் முக்கியமானவை.

அன்று முழுவதும் கிருஷ்ணராசா அதையே யோசித்தார். முப்பது வருடத்தில் இந்த வீட்டில் பேச்சு என்றால் அது மலருடைய பேச்சுத்தான். கிருஷ்ணராசா ஓம் என்பார், இல்லையென்றால் தலையாட்டுவார். சொல்லத் தூண்டுகிற எதையும் நடத்திக் காட்ட அவருக்குத் தெரியவில்லை.

அது தானாக நடந்தது. செல்வமலரின் கதிரை சமையலறைப் பின்யன்னலோடு போடப்பட்டிருந்தது. வெளியே, நாலைந்து அடி தள்ளி, கறிவேப்பிலைச் செடி நின்ற சாடியின் அடியில் வைத்திருந்த மண் ஏந்தல் தட்டு கிடந்தது. சாடியைக் குளிருக்குப் பயந்து உள்ளே எடுத்திருந்தார்கள், ஏந்தலை மறந்துவிட்டார்கள். அதில் மழைத்தண்ணீர் நின்றது. நவம்பர் கடைசியில் ஒரு காலை, கிருஷ்ணராசா புட்டைப் பிசைந்து கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பறவை வந்து ஏந்தலின் விளிம்பில் இருந்தது. மைனா அளவு, கன்னங்கரிய உடம்பு, மஞ்சள் அலகு. இந்த ஊர்த் தோட்டங்களில் எங்கும் காணக்கூடிய பிளாக்பேர்ட்தான். ஆனால் இதன் இடது சிறகில் ஒரேயொரு இறகு வெள்ளையாக இருந்தது. அது குடித்தது. பிறகு தண்ணீருக்குள் இறங்கி, அந்தக் குளிரிலும், சிறகடித்துக் குளித்தது.

"வந்திட்டுது" என்றார் செல்வமலர்.

கரண்டி கிருஷ்ணராசாவின் கையில் நின்றது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சொல் அது.

அடுத்த நாளும் பறவை வந்தது, சொல்லும் வந்தது. அதற்கடுத்த நாளும். பறவை வராமல் அந்தச் சொல் வரவில்லை. கிருஷ்ணராசா சொல்லிக் காட்டினாலும் வரவில்லை. பறவை ஏந்தலில் இறங்கும்போது மட்டும், திருத்தமாக, பழைய குரலில்: "வந்திட்டுது."

டிசம்பர் நடுப்பகுதியில் முதல் உறைபனி விழுந்தது. ஏந்தல் ஒரே கட்டியாகிக் கிடந்தது. வெள்ளை இறகுப் பறவை வந்தது. பனிக்கட்டியைக் கொத்தியது, வழுக்கியது, இன்னொரு முறை கொத்திவிட்டு வேலிக்கு மேலாகப் பறந்து போயிற்று. செல்வமலரின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று அவர் மிச்சப் புட்டையும் சாப்பிடவில்லை.

கிருஷ்ணராசா அன்று இரண்டு கடைகளுக்குப் போக வேண்டியிருந்தது. ஒன்றைத்தான் முடித்தார்.

மண் ஏந்தல் குளிரில் வெடிக்கும் என்று அதை முதலில் எடுத்து வைத்தார். பழைய பிரீசர் ஒன்றின் கம்பிரசருக்கு மேலிருந்த தண்ணீர் பிடிக்கும் ஏனத்தைக் கழற்றினார். கறுப்புப் பிளாஸ்டிக், இரண்டு அங்குல ஆழம், வெயில் பட்டால் சூட்டைப் பிடிக்கும். அதற்குள் சின்னப் பறவைகளும் கால் வைக்கக் கூழாங்கற்களைப் பரப்பினார். மீன் வரும், தெர்மோகோல் போன்ற ரெஜிபோம் பெட்டியின் அடிப்பாகத்தை வெட்டி ஏனத்தை அதற்குள் இறுக்கமாக அமர்த்தினார். வடகிழக்குக் காற்றை மறைக்க மூன்று செங்கல். விம்பிள்டன் பூங்காவில் யாரோ விட்டுப்போன டென்னிஸ் பந்து ஒன்றை மேலே மிதக்க விட்டார். காற்றில் அது அசைய அசைய, அதைச் சுற்றி ஒரு கையளவு தண்ணீர் திறந்தே இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். காலை ஏழரைக்கு, வெளிச்சம் வருமுன், ஏனத்தில் பிடித்த பனிக்கட்டியின் மேல் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி, ஓரம் இளகும்வரை பொறுத்திருந்து, கட்டியை எடுத்து வேலியோரம் போட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் வைப்பார். கொதிநீர் ஊற்றமாட்டார், ஆவியில் பறவை கிட்ட வராது, பிளாஸ்டிக்கும் வெடிக்கும். சுத்தியலால் தட்டமாட்டார். மத்தியானம் ஒருமுறை. மூன்றரைக்கு, பறவைகள் அடையுமுன், இன்னொரு முறை. இந்த நேரங்களுக்கு ஏற்றபடி கடைகளுக்குப் போகும் நேரத்தை மாற்றினார்.

"இதுக்கேன் இவ்வளவு பாடு? ஒரு பிடி உப்பைப் போட்டு விடுங்கோவன்" என்றார் வாமதேவன். மோர்டன் பாதாள ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். அவருடைய குளிரறைக்கு முன்னால்தான் கிருஷ்ணராசா அப்போது குந்தியிருந்தார்.

"உப்பு குருவிக்கு விசம்."

"அப்ப காருக்கு விடுற, உறையாத பச்சைத் தண்ணி?"

"நீர் என்ன, கொலைகாரனே?"

வாமதேவன் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார். "அண்ணை, சொன்னால் கோவிக்கப்படாது. உங்களுக்கு ஏழரை நடக்குது. அக்கா விழுந்ததும் அதாலதான். சனிக்கிழமை விரதம் பிடியுங்கோ. எள்ளும் நல்லெண்ணெயும் விட்டுச் சோத்தைக் குழைச்சுக் காகத்துக்கு வைச்சிட்டு, அதுக்குப் பிறகு சாப்பிடுங்கோ."

"இஞ்சத்தைக் காகத்துக்குச் சனீஸ்வரனைத் தெரியுமே?"

"காகத்துக்கு எந்த ஊரெண்டு இருக்கே? பகிடி விடாதேங்கோ. நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்."

கிருஷ்ணராசா குளிரறைப் பக்கம் திரும்பி ஆணியை முடுக்கினார். ஆனால் அடுத்த சனிக்கிழமை விரதம் பிடித்தார். பறவைக்குத் தண்ணீர் வைப்பதுபோல இதுவும் மலருக்காகச் செய்யக்கூடிய ஒன்றுதானே என்று நினைத்தார்.

சமையலில் அவருக்கு அளவு தெரியாது. மலராக இருந்தால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டிருப்பார். இவர் போத்தலைச் சரித்தார். எள்ளுப்பொடியும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த சோற்றைக் கையில் எடுத்துப்போய், தோட்டத்துக் கொட்டிலின் கூரையில் வைத்து, தாழ்ந்த குரலில், அயலவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே "கா, கா" என்றார். எதிர் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து இரண்டு காகங்கள் இறங்கின. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

காகத்துக்கு வைத்த கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது. வெளியிலேயே கழுவ வேண்டும். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; அவருடைய வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தோட்டத்துக் குழாயை அவரே நவம்பரில் அடைத்திருந்தார், உறைந்து வெடிக்கும் என்று. திரும்பி நடக்கும் வழியில் தண்ணீர் இருந்த ஒரே இடம் அந்தக் கறுப்பு ஏனம். குனிந்து, ஓரத்தில் விரல்களை நனைத்து உதறினார். எப்படியும் மூன்றரைக்கு மாற்றப்போகிற தண்ணீர்தான்.

யன்னல் கண்ணாடியில் சத்தம் கேட்டது. செல்வமலர் இடது கையால் தட்டினார். காப்பு கண்ணாடியில் பட்டு மூன்று முறை கணீரென்றது. தான் குளிரில் நிற்பதைப் பார்த்து மலர் கூப்பிடுகிறார் என்று நினைத்தார். கையை உயர்த்தி, "வாறன், வாறன்" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே. கை நனைத்தார், கண்ணாடி மூன்று முறை கணீரென்றது. "வாறன், மலர். ஒரு நிமிசம் பொறும்."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு புதுமை நடந்தது. மற்ற நாட்களில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் பனிக்கட்டி, அன்று ஏனத்தைச் சரித்தவுடனேயே முழுதாக வழுக்கி வெளியே வந்தது. சூட்டுத் தண்ணீர் தேவைப்படவில்லை. கிருஷ்ணராசாவுக்கு வேலை எளிதாயிற்று. நல்லது என்று நினைத்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, ஜனவரி இரண்டாம் வாரம், பகலிலும் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறவில்லை. அன்று செல்வமலர் மூன்று முறையோடு நிறுத்தவில்லை. விடாமல் தட்டினார். கிருஷ்ணராசா உள்ளே ஓடிவந்து, "என்ன, குளிருதே?" என்று கேட்டு, கம்பளியைத் தோள்வரை இழுத்துவிட்டார். செல்வமலர் கண்களை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நோவாக்கும் என்று நினைத்து வலது தோளை நெடுநேரம் தடவிவிட்டார்.

அன்று பின்னேரம் வெள்ளை இறகு வந்து குளித்தது. குளித்து முடிந்ததும் வழக்கம்போல ஒரு உதறலில் பறந்துவிடவில்லை. வேலியில் குந்தி உதறியது, நெடுநேரம் இறகைக் கோதியது, திரும்பவும் உதறியது.

ஞாயிற்றுக்கிழமை அது வரவில்லை. கிருஷ்ணராசா பனிக்கட்டியைப் போட வேலியோரம் போனபோது, கீழே காய்ந்த இலைகளுக்கு மேல் அதைக் கண்டார். பக்கவாட்டில் கிடந்தது. வெள்ளை இறகு மேலே தெரிந்தது.

கையில் எடுத்தார். ஒரு கடதாசி அளவு பாரம். மார்பில் இறகுகள் பஞ்சுபோல விரிந்திருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்கு ஈர்க்காகத் திரண்டு ஒட்டியிருந்தன. இடையிடையே தோல் தெரிந்தது. குளிரைத் தடுக்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வெப்பக் காப்பு உறை கிழிந்த குழாய் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விரலை மூக்கில் வைத்தார். நல்லெண்ணெய்.

அங்கேயே நின்று, ஒரு இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதுபோல, பின்னிருந்து முன்னாகப் போனார். இறகில் எண்ணெய். எண்ணெய் தண்ணீரில். தண்ணீர் ஏனத்தில். ஏனத்தின் உட்பக்கத்தை விரலால் வழித்தார், வழுக்கியது. சவர்க்காரம் பறவைக்குக் கூடாதென்று அவர் அதை ஒருநாளும் தேய்த்துக் கழுவியதில்லை. வெறும் தண்ணீரால் அலசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பனிக்கட்டி ஏன் வழுக்கியது என்பது அப்போது தெரிந்தது. தன் வலது கையைப் பார்த்தார்.

பறவையைப் பழைய கடதாசியில் சுற்றிக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, அங்கிருந்தே பர்மிங்காமில் இருக்கும் மகள் விதுஷாவுக்குப் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

"அப்பா, டோன்ட் டெல் அம்மா. ப்ளீஸ்."

"பிள்ளை, அவ பாத்துக்கொண்டு இருக்கிறா."

"குருவிதானே, வேற எங்கையும் போயிட்டுது எண்டு சொல்லுங்கோ. ஷி ஹாஸ் ஒன் வேர்ட், அப்பா. அதையும் எடுத்துப் போடாதேங்கோ."

"நான்தான் எடுத்தது" என்றார். "நான் எடுத்ததை நான்தானே சொல்ல வேணும்."

உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, செல்வமலருக்கு முன்னால் தாழ்ந்த முக்காலியில் இருந்தார். வேலைக்குப் போகும் இடங்களில் பிரீசருக்கு முன்னால் இருப்பதுபோல. அவருக்கு முன்னுரை சொல்லத் தெரியாது.

"மலர், அது செத்துப்போச்சு. வேலியடியில கிடந்தது. காகத்துக்கு வைச்ச எண்ணெய்க் கையை நான் அந்தத் தண்ணியில கழுவினனான். மூண்டு சனிக்கிழமையும். எண்ணெய் இறகில பிடிச்சிட்டுது. குளிர் தாங்கேல்லை. உப்பு வேண்டாம், சவுக்காரம் வேண்டாமெண்டு எல்லாம் பாத்தன். என்ரை கையைப் பாக்கேல்லை."

செல்வமலர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையை உயர்த்தி, கதிரையின் மரக்கையில் மெதுவாகத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

கிருஷ்ணராசாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியபோது யன்னலைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீரின் மேல் எண்ணெய் மினுங்குவதை மலர் இந்தக் கதிரையிலிருந்து கண்டிருக்கிறார். முதல் சனிக்கிழமையே. சொல்ல ஒரு சொல் இல்லாமல், காப்பால் கண்ணாடியில் சொல்லியிருக்கிறார். கிருஷ்ணராசாவோ கையை உயர்த்தி, வாறன் என்றிருக்கிறார்.

"நீர் சொன்னனீர்" என்றார். "நான் கேக்கேல்லை."

செல்வமலர் தலையை ஒருமுறை அசைத்தார். அவர் மேல் கோபமா, இல்லையா என்று அந்த அசைவில் தெரியவில்லை. கிருஷ்ணராசாவும் கேட்கவில்லை.

பறவையைக் கறிவேப்பிலைச் சாடி கோடையில் நிற்கும் இடத்தில் புதைத்தார். ஏனத்தை எறிந்துவிட்டு, கொட்டிலில் கிடந்த பழைய பிரீசரிலிருந்து அதேபோல இன்னொன்றைக் கழற்றிப் பொருத்தினார். கூழாங்கற்களைச் சோடாத்தூள் போட்டுக் கொதிக்க வைத்து, எட்டுத் தரம் தண்ணீர் மாற்றி அலசினார். டென்னிஸ் பந்தையும் மாற்றினார். திங்கட்கிழமை வாமதேவனின் கடைக்குப் போனபோது கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வாமதேவனின் மகளும் விதுஷாவும் கூட்டாளிகள்.

"பாத்தீங்களே அண்ணை, ஏழரை எண்டால் இப்பிடித்தான். நல்லது செய்யப் போனாலும் விடாது."

"சனியிலை பழியைப் போடாதையும். அது என்ரை கை" என்றார் கிருஷ்ணராசா.

பறவைகள் வரத்தான் செய்தன. குளிர் விடவில்லை, அந்தத் தெருவில் உறையாத தண்ணீர் அங்கே மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். மைனாக்கூட்டம்போல ஸ்டார்லிங்குகள் வந்து சண்டை பிடித்துக் குளித்தன. பச்சைக் கிளிகள் நாலைந்து, இந்தக் குளிரில் இவற்றுக்கு என்ன வேலை என்று நினைக்கத் தோன்றும் நிறத்தோடு, வரிசையாக விளிம்பில் இருந்து குடித்தன. செல்வமலர் பார்த்தார். வாய் திறக்கவில்லை. கிருஷ்ணராசா ஏழரைக்கும் மத்தியானமும் மூன்றரைக்கும் தண்ணீர் மாற்றினார். ஒவ்வொரு காலையும் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. அதற்குள் ஒரு சனிக்கிழமையும் வந்தது. சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் மட்டும் விட்டார். கை கழுவ ஒரு செம்புத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், பின்வாசல் வடிகானில் கழுவி, துடைத்து, பிறகு யன்னலைப் பார்த்தார். செல்வமலர் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை.

பத்தாம் நாள் காலை, ஏழே முக்கால் இருக்கும், இன்னும் சரியாக விடியவில்லை. ஏனத்தில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் கேத்திலிலிருந்து இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி, ஓரம் இளகுவதற்காகக் குனிந்து காத்திருந்தார். கண்ணாடி கணீரென்றது. மூன்று முறை.

அவர் கையை உயர்த்தவில்லை. வாறன் என்று சொல்லவும் இல்லை. கேத்திலைப் புல்லில் போட்டார். ஏனத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், எதுவும் பிழையாகத் தெரியவில்லை. மலர் தட்டினால் எதுவோ பிழையாக இருக்க வேண்டும். சேற்றுச் சப்பாத்தோடு சமையலறைக்குள் ஓடினார்.

"என்ன மலர்? எங்கை? காட்டும்."

செல்வமலர் யன்னலுக்கு வெளியே காட்டவில்லை. அவருடைய சப்பாத்தையும், அது நிலத்தில் பதித்து வந்த சேற்றையும் வாசல்வரைக்கும் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். உதடுகள் கூடின, பிரிந்தன. கழுத்து நரம்பு எழுந்தது. கிருஷ்ணராசா அசையாமல் நின்றார். உதவிக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"தே..." என்றார் செல்வமலர். நிறுத்தினார். இடது கையால் கதிரையைப் பிடித்தார். "தேத்தண்ணி."

வெளியே கேத்திலிலிருந்து சூட்டுத் தண்ணீர் புல்லில் ஊறிக்கொண்டிருந்தது. கிருஷ்ணராசா அதை எடுத்துவரத் திரும்பிப் போனார். யன்னலுக்கு முன்னால் சற்று நின்று, இளகியிருந்த கட்டியைத் தூக்கி வேலியோரம் போட்டார். பிறகு உள்ளே வந்து, இரண்டு பேரின் தேத்தண்ணிக்கும் ஏனத்துக்குமாகச் சேர்த்து, கேத்திலை நிரப்பினார்.